மாண்பு மாடத்துக்கு அடியில் ஒரு மேசை

நெய்வேலி நகரியத்தைத் தாண்டி வடக்குத்து கிராமத்துப் பக்கம் திரும்பும் சாலையில் உறுதி மாளிகை என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கட்டட உறுதிச் சான்றாளர் பேரவையின் தலைமையகம் அது. வட்டாரத்தில் ஒரு வீடோ பள்ளிக்கூடமோ நெல் கிடங்கோ எழும்ப வேண்டுமானால், அது நிற்கும் என்று பேரவையில் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இருந்தால் கட்டடம் நிற்கும் என்பது பேரவையின் கொள்கை. கட்டடம் நின்றால்தான் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவரும் அதில் உறுப்பினராக இருந்தார். அவர் பெயர் ப. வளவன்.

வளவனுக்கு அறுபத்தொரு வயது. எந்தக் கம்பெனியிலும் சேராமல், வடக்குத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே முப்பத்தைந்து வருஷமாகத் தனியாகத் தொழில் செய்கிறவர். கணக்குப் போடுவதும் அவர்தான், கம்பி கட்டி முடித்ததும் சைட்டில் போய் எண்ணிப் பார்ப்பதும் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாயாது. கையெழுத்துப் போடும்போது, முன்னால் வரும் அந்த 'ப.' எழுத்தை மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுவார்.

ப என்றால் பழனிவேல், அவருடைய அப்பா. பழனிவேலின் தகப்பனார் யாரோ நீட்டிய வெற்றுத் தாளில் கட்டைவிரலை வைத்துவிட்டு, மறுவாரம் குடியிருந்த மனையை விட்டுச் சட்டி பானையோடு வெளியேறியவர். பழனிவேல் சுரங்கத்தில் பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் மண் அள்ளி, பிறகு பெர்மனன்ட் ஆகி, மகனை இன்ஜினீயருக்குப் படிக்கவைத்தார். மகன் முதல் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஒன்றுதான் சொன்னார்: "உன் பேருக்கு முன்னாடி என் பேரு நிக்குது. கண்ணால பாக்காத எதுக்கும் என்னைக் கொண்டுபோயி நிறுத்தாத."

பேரவையின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை வளவன் விண்ணப்பத்தோடு போனபோது, எழுத்தர் காந்திமதி அதை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு தாளை நீட்டினாள்.

"இது என்னம்மா?"

"படிவம் பதினாலுங்க சார். நம்ம மாளிகைக்கு வருஷா வருஷம் உறுதிச் சான்று வேணும் இல்லீங்களா? அகர வரிசைப்படி ஒவ்வொரு மெம்பரா போட்டுக்கினு வராங்க. வ-வுக்கு வர்றதுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிடுச்சு. இந்தத் தடவை உங்க முறை. இதைப் போட்டாத்தான் உங்க பதிவு புதுப்பிப்பாங்க."

சான்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. 'மேற்படி கட்டடத்தை நேரில் ஆய்வு செய்து, எல்லா வகையிலும் உறுதியாக இருக்கக் கண்டேன்.' கீழே கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"நேரில்னு போட்டிருக்கே. பார்த்துட்டுப் போடறேன்."

காந்திமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எதை சார்?"

"கட்டடத்தை."

அவள் எழுந்து உள்ளே போய், பார்ப்பதற்கென்று படிவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். இல்லை. வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஏணி வேண்டும் என்று அதில் அவர் குறிப்பிட்டிருந்ததால் அது உப குழுவுக்குப் போயிற்று. ஏணி வைத்திருந்த அறையின் சாவி துணைத் தலைவரிடம் இருந்தது. துணைத் தலைவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். ஒன்பதாவது நாள் வளவன் தன் சொந்த ஏணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

உறுதி மாளிகைக்குள் நுழைந்ததும் பெரிய கூடம். கூடத்தின் பின்புறம், ஒரே ஒரு பீமின்மேல் தொங்குவதுபோல் ஒரு மேல்மாடம். அதற்கு மாண்பு மாடம் என்று பெயர். பித்தளைக் கைப்பிடி, தரையில் மார்பிள், தேக்கு நாற்காலிகள் பதினெட்டு. பேரவையின் பதினெட்டு நிர்வாகிகளும் விழாக்களில் அங்கே உட்காருவார்கள். அதற்கு நேர் கீழே காந்திமதியின் மேசை.

வரைபடம் கேட்டார். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு, சந்தனமாலை போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார்கள். மாலையை ஒதுக்கிப் பார்த்தார். மாண்பு மாடம் இருக்க வேண்டிய இடத்தில் 'பரண், பழைய கோப்புகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"ஆமாங்க சார், மொதல்ல பரணாத்தான் இருந்துச்சு" என்றாள் காந்திமதி. "அப்புறம் தலைவர் ஒருநாள் பார்த்துட்டு, குப்பை ஃபைல் எல்லாம் நம்ம தலைக்கு மேல இருக்கு, நாம கீழ இருக்கோமேன்னாரு. ஃபைலைக் கீழ எறக்கிட்டு இவங்க மேல ஏறிட்டாங்க."

வளவன் ஏணியில் ஏறினார். பீமில், இடது தூணை ஒட்டி, சாய்வாக ஒரு விரிசல். விரல் நகம் நுழைந்தது. வெடித்த சிமென்டுக்குள்ளே கம்பி துருவேறி, தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பீமின் நடுவில் விழும் விரிசல் சொல்லிக்கொண்டு வருகிறவன். முதலில் வளையும், பிறகு தொங்கும், ஆளுக்கு ஓட நேரம் கொடுக்கும். தூணோரம் சாய்வாக விழுகிறதே, அது சொல்லாமல் வருகிறவன்.

இறங்கி வந்து, "எத்தனை வருஷமா இங்க உக்கார்றீங்க?" என்று கேட்டார்.

"சேர்ந்ததுலேர்ந்து இதுக்கு அடியிலதாங்க உக்காந்துகினு இருக்கேன். ஏன் சார்? அப்பப்ப தலையில மணல் கொட்டும், அவ்ளோதான்."

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதை அறிய அவருடைய தொழிலில் ஒரு வழி உண்டு. மெல்லிய கண்ணாடிச் சில்லை விரிசலின் குறுக்கே வைத்து இரு முனையிலும் பிளாஸ்டர் மாவு பூசி ஒட்டி, தேதி எழுதிவிடுவார்கள். கட்டடம் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். கண்ணாடி பொய் சொல்லாது. வளவன் மூன்று சில்லுகளை ஒட்டிவிட்டுப் போனார்.

முதல் சில்லு மூன்றாம் நாள் உடைந்தது. அன்று செயற்குழுக் கூட்டம். இரண்டாவது, தலைவருக்குப் பொன்னாடை போர்த்திய அன்று. மூன்றாவது ஒரு சாதாரண வியாழக்கிழமை, பொருளாளர் நெடுமாறன் மாடத்தில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபோது.

மாடத்தை உடனே மூட வேண்டும், பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், எழுத்தரின் மேசையை இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று வளவன் பதிவுத் தபாலில் எழுதினார். மூன்று நாளில் பதில் வந்தது. பேரவை அவ்வளவு வேகமாகப் பதில் போட்டதை யாரும் கண்டதில்லை. 'பேரவை வளாகத்தில் கண்ணாடிப் பொருள்கள் மூன்று உடைந்து கிடந்தது தொடர்பாகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

விசாரணை, மாண்பு மாடத்திலேயே நடந்தது. வளவன் ஏற மறுத்து, கீழே கூடத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பேசினார். இது அவமதிப்பு என்று முதலில் குறித்துக்கொண்டார்கள்.

தலைவர் அன்புச்செல்வன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தார். "மிஸ்டர் வளவன், நான் முப்பத்தாறு வருஷம் பொறியாளர் பதவிகள்ல இருந்தவன். ஒரு கட்டடத்தையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நிலைமைக்கு என்னை யாரும் தாழ்த்தினதும் இல்லை. நீங்க ஏணி வெச்சு ஏறியிருக்கீங்க. ஏணி மேஸ்திரியோடது. இந்தத் தொழிலோட கௌரவத்தை நினைச்சுப் பார்த்தீங்களா?"

செயலாளர் பாலகுமார் இன்னும் பக்குவமாகப் பேசினார். "பாருங்க, பார்த்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா கை நடுங்கும். கை நடுங்கினா கையெழுத்து மாறும். கையெழுத்து மாறினா அது மோசடி. உறுப்பினர்களை மோசடியிலிருந்து காப்பாத்தத்தான் பேரவை அச்சடிச்சே கொடுக்குது."

"அய்யா, பீம்ல விரிசல் இருக்குங்க" என்றார் வளவன்.

"விரிசல் எங்கதான் இல்ல?" என்றார் நெடுமாறன். "என் வூட்ல இல்லையா?"

"இருக்குங்களா? எந்தப் பக்கம்? நான் வந்து பார்க்கட்டுமா?"

நெடுமாறன் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் மணல் உதிர்ந்து காந்திமதியின் தட்டச்சுப் பலகைமேல் விழுந்தது. அவள் அதைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, நடவடிக்கைக் குறிப்பைத் தொடர்ந்து அடித்தாள்.

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உடைந்ததற்குக் காரணம் கண்ணாடியின் தரக்குறைவு. எனவே, உடையாத பொருளால் செய்த சில்லுகளை வாங்கி அதே இடத்தில் ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வளைகிற பிளாஸ்டிக் ஸ்கேல், மூன்று. ஒரு மாதம் ஆயிற்று. ஸ்கேல்கள் வளைந்தன, உடையவில்லை. 'கட்டடத்தின் உறுதி அறிவியல் முறைப்படி நிரூபிக்கப்பட்டது' என்று வளவனுக்குக் கடிதம் வந்தது. கூடவே படிவம் பதினாலு. பென்சில் பெருக்கல் குறி இந்த முறை சற்றுப் பெரிதாக இருந்தது.

அதற்குள் அவருடைய பதிவு காலாவதியாகிவிட்டது. சேத்தியாத்தோப்பிலிருந்து நெல் கிடங்கு கட்டும் வேணு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து வாசலில் நின்றார்.

"என்னா சார், உங்க நம்பர் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க? பிளானை வாங்க மாட்டேன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"கொஞ்ச நாள் பொறுங்க வேணு."

"நான் பொறுப்பேன் சார், மழை பொறுக்குங்களா? நம்ம கலைச்செல்வன் சார்கிட்ட போலாம்னு இருக்கேன். கோச்சுக்காதீங்க. அவரு வண்டிய ஆஃப் பண்ணாமலே, பெட்ரோல் டேங்க் மேல வெச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறாரு."

"சைட்டைப் பார்த்தாரா?"

"எந்த ஊருன்னே கேக்கலைங்க."

வேணு கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு சார். கம்பி எத்தினி போடணும்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க. கிடங்கு கட்டப் போறது நானு இல்லீங்களா?"

வளவன் சொன்னார். கணக்கு அவருடையது, கையெழுத்து பெட்ரோல் டேங்குடையது. வேணு எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதத்தில் அப்படிப் போனவர்கள் நான்கு பேர்.

அன்று மாலை, படிவம் பதினாலை எதிரே வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, மனைவி மலர்கொடி காபி டம்ளரை 'டக்'கென்று வைத்தாள்.

"போட்டுத்தான் தொலைங்களேன். இருபத்தோரு பேரு போட்டிருக்கான். ஒருத்தன் வூட்லயாவது சோறு வேகலையா?"

"வேகுது."

"அப்புறம்? உங்கப்பா மேலேர்ந்து எறங்கி வந்து கேக்கப் போறாரா?"

அவள் உள்ளே போனாள். பாதி வழியில் திரும்பி வந்தாள். "ந்தா, அந்தப் பொண்ணு இன்னும் அதுக்கு அடியிலதான் உக்காந்துகினு இருக்கா?"

"ஆமா."

மலர்கொடி படிவத்தை எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு மேசைமேல் எறிந்தாள். "த்தூ! நேரில் கண்டேனாம். நீங்க கண்டதை எழுதிப் போடுங்க. கையெழுத்துதான கேக்குறானுவ? உள்ள என்னா இருக்குன்னா கேட்டானுவ?"

வளவன் அன்றைக்கே அச்சடித்த வாசகத்தின்மேல் ஒரு கோடு கிழித்து, கீழே தன் கையால் எழுதினார். நேரில் பார்த்ததை எழுதினார். பென்சில் குறிமேல் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். காந்திமதி வாங்கி, படித்து, அவரை ஒருமுறை பார்த்து, வரிசை எண் போட்டுச் செயலாளருக்கு அனுப்பினாள். செயலாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். பதிவுப் புதுப்பிப்பு ஆண்டு விழா முடிந்த பிறகுதான் என்றார்கள்.

ஆண்டு விழா பத்து நாள் கழித்து வந்தது. வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், தண்ணீர் பாட்டில். வளவன் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். மாண்பு மாடம் மூடப்படவில்லை. பதினெட்டு நாற்காலியிலும் பதினெட்டுப் பேர், சால்வைகளோடு. பூச்சாடிகள் வேறு, ஆளுயரத்தில் நான்கு. பிளாஸ்டிக் ஸ்கேல் மூன்றும் வில்லாக வளைந்திருந்தன. கீழே காந்திமதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, விருந்தினர்களுக்கு அட்டை குத்திக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வாம்மா."

"பேட்ஜ் குத்தணுங்க சார். எழுந்தா மெமோ குடுப்பாங்க."

"நீதான் படிச்சியே!"

"படிச்சேன் சார்" என்றாள் மெதுவாக. "நான் படிச்சு என்னா பண்றது? இங்க என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்களே."

வளவன் கூடத்தின் நடுவில் போய் நின்று மேலே பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் கீழே இறங்குங்க!" நாதஸ்வரம் நின்றது. மாடத்தில் ஒலிபெருக்கி முன் நின்ற பாலகுமார் புருவத்தை நெரித்தார். "உறுப்பினர் அமரவும். இப்போது சான்று வாசிப்பு. சான்று வாசிப்பின்போது குறுக்கிடுவது விதிமீறல்."

சான்று வாசிப்பு பேரவையின் புனிதச் சடங்கு. அந்த வருஷத்துச் சான்றைச் செயலாளர் வெள்ளித் தாம்பாளத்திலிருந்து எடுத்து உரக்க வாசிப்பார். சபை எழுந்து நின்று கைதட்டும். பாலகுமார் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு நல்ல குரல்.

"உறுதி மாளிகையின் மாண்பு மாடத்தை நேரில் ஆய்வு செய்தேன். பழைய கோப்புகளுக்காகக் கட்டிய பரண் இது. தாங்கும் பீம் இடது தூணருகே அறுபட்ட நிலையில் உள்ளது. கம்பி துருப்பிடித்துப் பாதியாகிவிட்டது. இதன்மேல் ஆறு பேருக்கு மேல் ஏறினால் எந்த நிமிடமும் இடிந்து விழும் என்றும், கீழே இருப்பவர் பிழைக்க மாட்டார் என்றும் இதன்மூலம் பெருமகிழ்ச்சியுடன்..."

'பெருமகிழ்ச்சியுடன்' தாளில் இல்லை. அது அவர் பழக்கதோஷத்தில் சேர்த்துக்கொண்டது.

"...சான்றளிக்கிறேன். ப. வளவன்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. மாடத்திலும் தட்டினார்கள். தலைவர் அன்புச்செல்வன் இரு கையையும் உயர்த்தித் தட்டினார். பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு கை நின்றது. அடுத்த கை நின்றது. கடைசியில் தலைவருடைய கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பாதியில் நின்றது. பீம் சின்னதாக 'டிக்' என்றது.

"ஓடாதீங்க! குலுக்காதீங்க! படிக்குப் பக்கத்துல இருக்கிறவங்க மொதல்ல, ஒவ்வொருத்தரா!" என்று வளவன் கத்தினார்.

படிக்குப் பக்கத்தில் இருந்தவர் செயற்குழு உறுப்பினர். தலைவர் இறங்காமல் அவர் எப்படி இறங்குவார்? எனவே, மாடத்தின் மறுகோடியிலிருந்து தலைவர் பதினேழு பேரையும் உரசிக்கொண்டு வந்து முதலில் இறங்கினார். "சபை அமைதி காக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டார். அடுத்து துணைத் தலைவர். அதற்கடுத்து வந்த இரண்டு இணைச் செயலாளர்களில் யார் சீனியர் என்று படியின் தலைப்பில் ஒரு தகராறு.

"நான் தொண்ணூத்தெட்டுல சேர்ந்தேன்!"

"சேர்ந்தது பெருசில்ல, பதவி எப்ப? அதைச் சொல்லுங்க!"

மற்றவர்கள் ஒரு பக்கம் ஒண்டிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். இடது பக்கம்தான்.

வளவன் மேசையைச் சுற்றி ஓடி, காந்திமதியின் கையைப் பிடித்து இழுத்தார். அட்டைகள் சிதறின. அவள் நான்கடி வந்திருப்பாள். முறத்தளவு சிமென்டுப் பாளம் ஒன்று பெயர்ந்து, அவள் நாற்காலியின் நடுவில் விழுந்து, நாற்காலியைப் பிளந்தது. அத்துடன் சீனியாரிட்டி தகராறு தீர்ந்தது. இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

மாடம் அன்றைக்கு விழவில்லை. அவசரக் கூட்டம் வெளியே ஷாமியானாவில் நடந்தது. ஈடுசெய்ய முடியாத பதினெட்டு உயிர்கள் தெய்வாதீனமாகத் தப்பியதற்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று நன்றி செலுத்தினார்கள். பிறகு தீர்மானங்கள். பீதியைக் கிளப்பிய சான்று வாசிப்பு என்னும் வழக்கம் இன்றோடு ஒழிக்கப்படுகிறது. நிர்வாகிகள் இனி மாடத்தைப் பயன்படுத்துவதில்லை. அதில் பழையபடி கோப்புகளே வைக்கப்படும். கீழே அலுவலகம் வழக்கம்போல் இயங்கும். எழுத்தருக்குப் புது நாற்காலி வழங்கப்படும்.

மறுநாள் காலை வளவன் போனபோது, நான்கு ஆட்கள் கோப்பு மூட்டைகளைப் படியேற்றிக்கொண்டிருந்தார்கள். புது நாற்காலி பழைய இடத்திலேயே கிடந்தது. காந்திமதி அதில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேப்பர்தானே, ஆளைவிடக் கனம் கம்மின்னு செயலாளர் சொல்றாருங்க சார்."

"அதிகம்மா. ரொம்ப அதிகம்."

"அப்ப?"

வளவன் மூட்டை தூக்கிய ஆட்களை வெளியே போகச் சொன்னார். பீமின் விரிசலை ஒருமுறை அண்ணாந்து பார்த்ததும் அவர்கள் கேள்வி கேட்காமல் போய்விட்டார்கள். கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கூரையைப் பார்க்கத் தெரியும். பிறகு மேசையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையைக் காந்திமதி பிடித்தாள். அறுபத்தொரு வயதில் முதுகு வளைந்த முதல் நாள் அதுதான். வெளியே, ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கொட்டகையின் நான்கு காலையும் அவர் குலுக்கிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. அனுமதியின்றி அலுவலகத் தளவாடத்தை இடம் மாற்றியது குற்றம். மேசையை உடனே பழைய இடத்தில் வைத்து, வைத்துவிட்டதாக உறுப்பினர் எழுத்து மூலம் சான்றளிக்க வேண்டும். சான்று கிடைத்த அன்றே அவருடைய பதிவு ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்படும். படிவம் அச்சாகி இணைக்கப்பட்டிருந்தது. 'மேசை மாடத்தின் கீழ் பழைய இடத்தில் இருப்பதை நேரில் கண்டேன்.' பெருக்கல் குறி இந்த முறை சிவப்பு மையில்.

வளவன் கொட்டகைக்குப் போனார். காந்திமதி அங்கே உட்கார்ந்து தபாலுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில், பழுப்பு நிலக்கரித் தூசி படிந்த வெளிச்சத்தில். அவர் அவளை நேரில் பார்த்தார். மேசையைப் பார்த்தார். தலைக்குமேல் தகரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து, அச்சு வாசகத்தை அடித்துவிட்டு, அதே மேசையில் வைத்து எழுதினார்:

'மேசை ஸ்கூட்டர் கொட்டகையில் இருக்கிறது. நேரில் கண்டேன். இங்கேயே இருக்கும்.'

கீழே, வழக்கத்தைவிடப் பெரிதாக, முதலில் 'ப.' போட்டார். காந்திமதி வாங்கிப் படித்தாள், எண் போட்டாள்.

"செயலாளர் படிக்க மாட்டாருங்க சார்" என்றாள். "கையெழுத்து இருக்கான்னுதான் பார்ப்பாரு."

இருந்தது. மறுநாளே பதிவு புதுப்பித்து வந்துவிட்டது.